'தாதி' எனும் சொல்லும் சம உரிமையும்

இன்றைய சுபாங் ஜெயா, 1976இல் நகராகத் தொடங்குமுன் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தகைய தோட்டங்களில் நோயாளியை முதலில் பார்த்தவர் 'டிரெசர்'. பெரிய மருத்துவமனையில் 'மிசி'. எழுத்துத் தமிழில் 'தாதி' என்றோம். வளர்ப்புத்தாய், பணிப்பெண் என இருபொருள் தரும் சொல் அது. 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் அப்பணியைப் பதிவுபெற்ற தொழிலாக்கியது. 1969இல் அரசுப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியக் கொள்கை ஏற்கப்பட்டது. கூட்டரசு அரசமைப்பின் 136ஆம் பிரிவு, இனம் எதுவாயினும், ஒரே தரத்திலுள்ள அரசு ஊழியரைப் பணி நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடுவுநிலையோடு நடத்தப் பணிக்கிறது. 'ஒரே தரத்தில்' என்னும் சொற்களை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மேல்தரத்துக்கு ஏறும் படிகளைப் பற்றி அவை பேசவில்லை. தமிழ்ப் பெண் பயிற்சிக்குத் தேர்வாவதும் தலைமைத் தாதியாக உயர்வதும் அந்தப் படிகளில்தான். சமத்துவத்தை அங்கேதான் அளந்து பார்க்க வேண்டும்.