பன்னிரண்டு இடங்களும் ஒரு மலைமுகடும்
திருவிதாங்கூர்-கொச்சியின் கூட்டணி ஆட்சிகள், 1952–1956

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே சென்று குரங்கணியை அடைந்து, அங்கிருந்து மலையேறுவோர் டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டைச் சேர்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை இம்முகட்டிலிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கீழிறங்கிற்று. தேயிலை இறங்கிய சரிவிலேயே சமவெளித் தமிழர் வேலை தேடி மேலேறினர். அவர்கள் கடந்த முகடு, சென்னை மாகாணத்திற்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கும் எல்லையாயிருந்தது. அவ்வெல்லைக்கு அப்பாலிருந்த தமிழர் எந்த மாநிலத்தைச் சேரவேண்டும் என்ற வினா, நான்காண்டுக் காலம் அமைச்சரவைகளை அலைக்கழித்தது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. 1952இல் அமைந்த 108 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 44 மட்டுமே. எனவே ஏ. ஜே. ஜான் அமைச்சரவை, 8 இடங்கள் பெற்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் துணையை நாடிற்று. இக்கட்சி ஏ. நேசமணியின் தலைமையில், தென் திருவிதாங்கூர்த் தமிழ் வட்டங்களும், தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை ஆகியவையும் தமிழ்நாட்டுடன் இணையவேண்டும் எனக் கோரிற்று. நேசமணி நாகர்கோவில் வழக்கறிஞர், கிறிஸ்தவர். ஆதரவு விலக்கப்பட்டபின், 1953 செப்டம்பரில் அமைச்சரவை தோல்வியுற்றது.

1954 தேர்தல் சிக்கலைத் தீர்க்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 117 பேரில் காங்கிரசார் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19, தமிழ்நாடு காங்கிரசார் 12, புரட்சி சோஷலிஸ்டுகள் 9. பெரும்பான்மைக்கு 59 தேவை. காங்கிரசும் தமிழ்நாடு காங்கிரசும் கூடினாலும் 57தான். முடிவில் 19 பேரைக் கொண்ட கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரசின் வெளி ஆதரவுடன் முதலமைச்சரானார். ஆட்சியைத் தாங்கியவர்கள் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. பொறுப்பேற்றவர்களுக்கோ சொந்த வலிமையில்லை.

இந்நிலையில் கிளர்ச்சி மூண்டது. தேவிகுளம் பகுதியில் தடையுத்தரவை மீறிய நேசமணி, 1954 ஜூலையில் கைதானார். ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர். அப்போது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலர் ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் ஆட்சியே பதவி விலகவேண்டும் என்றார். கட்சித் தலைமை அதனை ஏற்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார். அதிகாரம் கைக்கு வந்தபின், நேற்றுவரை பிறரிடம் கேட்ட நீதியை நம்மிடமே கேட்க முடியுமா என்ற வினாவே அவர் எழுப்பியது.

1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட்டதால் தாணுப்பிள்ளை ஆட்சி வீழ்ந்தது. தமிழ்நாடு காங்கிரசின் துணையுடன் பனம்பிள்ளி கோவிந்த மேனன் ஆட்சி அமைத்தார். அதுவும் 1956 மார்ச்சில் முடிவுற்றுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. எல்லையைத் தீர்மானித்ததோ இவ்வமைச்சரவைகளல்ல. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையமும் அதன் பரிந்துரையை ஒட்டிய நாடாளுமன்றச் சட்டமுமே. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. திருச்சபையின் எல்லையும் பின்தொடர்ந்தது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரிப் பேராயம் தனியாயிற்று.

தேவிகுளம், பீர்மேட்டின் தமிழ்ப் பெரும்பான்மை, பெரிதும் வந்துபோகும் தோட்டத் தொழிலாளரால் ஆனது என்பது ஆணையத்தின் கருத்து. நிலம் குறைந்த கேரளத்துக்கு அம்மலைகள் இன்றியமையாதவை என்ற வாதத்திற்கும் வலிமை இருந்தது. ஆயினும் தலைமுறையாக உழைத்தவன் எப்போது குடியானவனாகக் கணக்கிடப்படுவான் என்ற கேள்வி எஞ்சுகிறது. தென்புறத்துத் தமிழர் தம் விருப்பத்தைப் பெற்றனர். மலைத் தொழிலாளர் பெறவில்லை. அமைச்சரவையைக் கவிழ்க்கப் போதுமாயிருந்த பன்னிரண்டு இடங்கள், அவர்களை நிரந்தரக் குடிகளாக எண்ணச் செய்யப் போதவில்லை.

தொலைவிலுள்ள ஒரு சிற்றரசும் இங்கு நினைவுக்கு வருகிறது. 1833இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு ஊழியர் கால்வைத்த லெசோத்தோவில், 1998இல் ஒரே கட்சி 80 தொகுதிகளில் 79ஐ வென்றது. கலவரம் எழுந்து, அண்டை நாட்டுப் படைகள் நுழைந்தன. பின்னர் விகிதாசார இடங்கள் 40 சேர்க்கப்பட்டன. சிறு கட்சிகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் 2012இல் பிறந்த கூட்டணி நிலைக்காமல், 2015இலும் 2017இலும் முன்கூட்டியே தேர்தல் வந்தது. தேர்தல் முறை இடங்களைப் பங்கிடும், நம்பிக்கையைப் பங்கிடாது.

மரங்கள் தமக்கு அரசனைத் தேடிய யோதாமின் உவமையை நாம் அறிவோம். நற்கனி தரும் மரங்கள் ஒதுங்கியபோது முட்செடி ஆள முன்வந்தது. ஆகவே அரசியலிலிருந்து ஒதுங்குமாறு சபையாருக்குப் போதிப்பது தீர்வாகாது. ஒவ்வொரு கூட்டணியிலும் எண்ணப்படாதோர் யாவர் எனக் கேட்பதே ஆயரின் கடமை. 1956இல் அவர்கள் குரங்கணிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களில் இருந்தனர்.