பிறதுறை மாணவர்க்கான செய்முறை விஞ்ஞானக் கல்வி

கலை, வர்த்தகம், சமயம், மொழி முதலியவற்றைப் பிரதானமாகப் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்கு, விஞ்ஞானத்தை விரிவுரையால் மாத்திரமன்றி, அவர்கள் தம் கைகளாலேயே அளந்தும் பிரித்தும் சோதித்தும் அறியுமாறு செய்யும் போதனாமுறை.

விஞ்ஞானியாகப் போகாதாரும் விஞ்ஞானம் இயங்கும் விதத்தை உணரவேண்டும் என்று, ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த ஜேம்ஸ் கோனன்ட் 1947இல் நூலெழுதினார். ஆயினும் அவர் வகுத்த வழியில் பழைய பரிசோதனைகளின் வரலாற்றை வாசித்தலே மேலோங்கி நின்றது. இந்தியாவில், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் வழியே, பட்ட வகுப்பினர் அனைவர்க்கும் சுற்றுச்சூழற் பாடம் கட்டாயமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு வகுத்த 50 விரிவுரைகளில் 5 களப்பணிக்கும், 100 புள்ளிகளில் 25 அப்பணியின் அறிக்கைக்கும் உரியனவாயிருந்தன. செய்முறைக்கெனப் புள்ளிகளைத் தனியே ஒதுக்கியமையே அத்திட்டத்தின் சிறந்த அம்சமெனலாம்.

இலங்கையில் உயர்தர வகுப்பிலேயே மாணவர் பிரிவு பிரிவாகப் பிரிந்துவிடுகின்றனர்; பல்கலைக்கழகத்திலும் அப்பிரிவு தொடர்கின்றது. 1995இல் கல்லூரியாகத் தோன்றி மறுவருடம் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கலை, கலாசார பீடமும் இஸ்லாமிய கற்கைகள், அரபுமொழிப் பீடமும் ஒலுவிலிலும், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலுமாக அமைந்துள்ளன. ஆய்வுகூடம் தொலைவிலிருப்பினும், கல்முனையிலிருந்து திருக்கோவில்வரை நீளும் கடற்கரையோ ஒலுவிலிற் பயிலும் மாணவர்க்கு அருகிலேயே கிடக்கின்றது.

திருக்கோவில் மணலில் ஆங்காங்கே கருமை படர்ந்திருப்பதற்கு, இலேசான படிகமணலை அலை வாரிச் செல்ல, இல்மனைற்று முதலிய கனத்த கனியங்கள் பின்தங்கிவிடுவதே காரணமாகும். ஒரு கைப்பிடி மணலை நீரில் அரித்துக் கறுப்பையும் வெளுப்பையும் வேறாக்கி உலர்த்தி, நிறையை நிறுத்து, அளவுச்சாடியில் உயரும் நீர்மட்டத்தாற் கனவளவைக் கண்டு அடர்த்தியைக் கணிப்பின், கன சென்ரிமீற்றருக்குப் படிகமணல் ஏறக்குறைய 2.65 கிராம் எனவும், இல்மனைற்று 4.7 கிராம் அளவினதெனவும் வரவேண்டும். இரு குழுவினர்க்கு இருவேறு விடைகள் வரும்பொழுதே உண்மையான பாடம் தொடங்குகின்றது: மணலிடையே சிக்கிய காற்றுக்குமிழிகள் கனவளவை மிகுத்துக் காட்டுதலால் அடர்த்தி குறைந்து தோன்றியது என்பதை மாணவரே தர்க்கித்துக் கண்டு, சாடியைத் தட்டிக் குமிழிகளை அகற்றி மீண்டும் அளத்தல் வேண்டும், ஆசிரியர் விடையை முந்திக் கூறுதல் தகாது.

திருக்கோவிலிலுள்ள சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் சமுத்திர தீர்த்தம் நிகழும் ஆடி அமாவாசையும் மற்றுமோர் ஆய்வுக்கு இடந்தரும். அன்றும் அதற்கடுத்த அரைமதி நாளன்றும் நீர்மட்டத்தைக் குறித்தால், வற்றுப்பெருக்கிற்கும் மதிக்கும் உள்ள தொடர்பு புலனாகும். இக்கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலின், அளவுகோலைத் திறந்த கடலில் நடாது, ஒலுவில் துறைமுகத்து அலைதடுப்பின் உட்புறத்திலே, உரிய அனுமதி பெற்று நடுதல் நன்று.