வரகுக்கோழி: பேரு இருக்கு, வரகு எங்கே?

மல்லாங்கிணறு பக்கம் போனா கரிசலும் சீமைக்கருவேலமும்தான் கண்ணுல படும். இந்த மாதிரி மானாவாரிக் காட்டையும் புல்வெளியையும் நம்பி வாழ்ந்த ஒரு பறவைக்குத் தமிழ்ல வரகுக்கோழின்னு பேரு. பேரிலேயே பயிர் இருக்கு பாருங்க!

கானமயிலுக்குச் சொந்தம், ஆனா கோழி அளவுதான். கூடு கட்டாது, புல்லுக்கு நடுவே வெறுந்தரையில முட்டை. தென்மேற்குப் பருவமழை இறங்கினதும் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் புல்வெளிகள்ல ஆண் பறவை எம்பி எம்பிக் குதிச்சு ஜோடி தேடும். மழை பொய்ச்சா புல் இல்லை, வெட்டுக்கிளி இல்லை, குஞ்சும் குறைவு. மழைக்காலம் முடிஞ்சா தெற்கே கிளம்பிடும்.

ஒரு வருஷப் பஞ்சத்தை அது தாங்கிடும். தாங்க முடியாதது மனுஷன் செஞ்ச வேலை. வெள்ளைக்காரத் துரைமார் குதிக்கிற ஆணையே குறிபார்த்துச் சுட்டாங்க. வரி தராத புல்வெளிக்குத் 'தரிசு'ன்னு பேரு வெச்சாங்க. 1877ல் கடப்பா மாவட்டம் கமலாபுரத்துல சீமைக்கருவேலம் வந்து இறங்குச்சு. சுதந்திரத்துக்கு அப்புறமும் விறகுக்காக நட்டோம். முள் அடர்ந்த இடத்துல புல் போச்சு, எதிரி வர்றதைப் பார்க்கத் திறந்தவெளியும் போச்சு. வரகு விதைப்பும் சுருங்கிடுச்சு. 2021ல் வரகுக்கோழி உலக அளவிலேயே மிக அருகிய இனம்னு அறிவிக்கப்பட்டது.

கவுதாரி, ஆள்காட்டி, வானம்பாடி எல்லாம் இன்னமும் தரையிலதான் முட்டையிடுது. சீமைக்கருவேலத்தை வெட்டுறது நல்லதுதான். ஆனா அந்த இடத்துல உடனே வேற மரத்தை நெருக்கமா நட்டா பழைய கதைதான். புல்வெளி தரிசு இல்லைங்க.

உங்க ஊர்ப் பெரியவங்க யாராவது வரகுக்கோழியைப் பார்த்திருக்காங்களா? கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.