24 லட்சம் சீட்டுகள் சொன்ன பொய்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் சீராக வெந்திருந்தால்தான் இது பொருந்தும். மேலே அரிசியும் அடியில் குழைந்த சோறுமாக இருந்தால், மேலிருந்து ஆயிரம் பருக்கைகளை எடுத்து நசுக்கினாலும் உண்மை தெரியாது. 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததும் இதுவே.

அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் போட்டியிட்டனர். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டனுக்கு 57 சதவீதம், ரூஸ்வெல்ட்டுக்கு 43 சதவீதம் என்று இதழ் அறிவித்தது. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று, 48 மாநிலங்களுள் 46-இல் வென்றார்.

கணிப்பில் நேரும் பிழையை அளக்க வழி இல்லையா? உண்டு. போலந்து நாட்டுக் கணித அறிஞர் ஜெர்ஸி நெய்மன் 1934-இல் லண்டனில் எடுத்துரைத்து, 1937-இல் விரிவாக நிறுவிய 'நம்பிக்கை இடைவெளி' அதுவே. குலுக்கல் முறையில் தேர்ந்த 1000 பேரில் 600 பேர் 'ஆம்' என்றதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.6-ஐ 0.4-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் 0.0155 வரும். இது திட்டப்பிழை. இதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.03. ஆகவே 57 முதல் 63 சதவீதம் வரை என்பது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. இம்முறையில் நூறு தடவை கூறு எடுத்து நூறு இடைவெளிகள் அமைத்தால், அவற்றுள் சுமார் 95 இடைவெளிகளில் உண்மை விகிதம் அடங்கியிருக்கும் என்பது இதன் பொருள்.

இதே கணக்கை 24 லட்சம் சீட்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். பிழை 0.06 சதவீதம்தான் வரும்! தவறியதோ 17 சதவீதத்துக்கும் மேல். ஏன்? முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தத்தில் வாடிய ஏழைகளிடம் தொலைபேசி ஏது, கார் ஏது? சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் நாலில் ஒருவரே. ஜார்ஜ் காலப் சுமார் 50,000 பேரைக் கொண்டே ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ஆனால் குலுக்கல் முறையைக் கையாளாததால், அவர் சொன்ன 56 சதவீதமும் குறைவாகவே இருந்தது.

1938-இல் டைஜஸ்ட் இதழ் மறைந்தது. கூறு பெரிதானால் இடைவெளி குறுகும். கூறு ஒருபக்கம் சாய்ந்திருந்தால், அந்தக் குறுகிய இடைவெளி தவறான இடத்தில் உறுதியாக நிற்கும். இனி ஒரு கணிப்பைப் படிக்கும்போது, எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதற்கு முன்னால், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள்.