கவுன்சிலிங்குக்குப் போன கதை

திண்டுக்கல்லில் யாராவது 'கவுன்சிலிங் போயிட்டு வந்துட்டியா?' என்று கேட்டால் எந்த காலேஜ், எந்த பிராஞ்ச் கிடைத்தது என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். 1997இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வந்தபோது இந்தச் சொல் இந்தப் பொருளில்தான் எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, கிண்டியில் அப்பாவும் பிள்ளையுமாகத் திரையில் காலியிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெயரைக் கூப்பிட்டதும் சில நிமிடங்களில் நாலு வருஷத்தை முடிவு செய்ய வேண்டும். நானும் போனேன். ஆலோசனை என்று யாரும் எதுவும் சொல்லவில்லை, கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். 2018இல் அது ஆன்லைனுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தப் பொருள் முழுக்கத் தப்பும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அவர் சொன்னது மூன்று படிகள்: முதலில் உன்னைத் தெரிந்துகொள், பிறகு தொழில்களைத் தெரிந்துகொள், அப்புறம் இரண்டையும் பொருத்திப் பார். கிண்டியில் முதல் படிக்கு நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். 1942இல் கார்ல் ரோஜர்ஸ் 'கவுன்சிலிங் அண்ட் சைக்கோதெரபி' எழுதியபோது சொல்லின் எடை வேறு பக்கம் சாய்ந்தது. புத்தி சொல்வதைக் குறைத்து, தீர்ப்பு சொல்லாமல் கேட்பது. வந்தவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க இடம் விடுவது. இந்த இரண்டாவது பொருள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துசேர ரொம்ப காலம் ஆனது.

அதுவரை மாணவன் யாரிடம் பேசினான்? ஆசிரியரிடம் என்று பதில் வரும். அதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் இங்கேயே இருந்தது. மதுரை சாலையில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. வளாகத்திலேயே வாழ்வது, கூட்டுப் பிரார்த்தனை, உடல் உழைப்பு என்று இருந்த இடம் அது. சேர்ந்து வேலை செய்கிற மனுஷரிடம் மனசு திறப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

எங்கள் காலத்துப் பொறியியல் கல்லூரிகள் அந்த உறவின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. இருபது சொச்சம் பேருக்கு ஒரு 'மென்ட்டர்', ஆளுக்கு ஒரு நோட்டு. அதில் வருகைப் பதிவு, அரியர், பெற்றோர் கையெழுத்து. 100க்கு 20 இன்டர்னல் மார்க் போடுகிறவரும் பல நேரம் அதே சார்தான்! என் வகுப்பில் நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா மல்லிகை விவசாயி. மூன்றாம் செமஸ்டரில் தூக்கமே வரவில்லை, படிப்பு பிடிக்கவில்லை என்று மென்ட்டரிடம் சொன்னான். மறுநாள் அவன் அப்பா பூ மார்க்கெட்டை விட்டுவிட்டு ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நின்றார். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எங்களிடம்கூட.

அந்த சார் கெட்டவர் இல்லை. முறையே அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு நெறிமுறைகளைப் படித்தால் புரியும். 25 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர்-ஆலோசகர், அவர் பெற்றோர் போல இருக்க வேண்டும். அதோடு, விடுதிக் காப்பாளருடன் சேர்ந்து மாணவரின் சொந்த விவரம், மதிப்பெண், நடத்தை எல்லாவற்றையும் பரிமாறிக்கொள்ளலாம். ரோஜர்ஸ் இதை ஆலோசனை என்று ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்று எழுதியது. ஆனால் மென்ட்டர் நோட்டை யாரும் அந்தச் சட்டத்தோடு சேர்த்து வாசிப்பதில்லை.

தமிழ்நாட்டில் வேறொரு மரபும் உண்டு. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'ஸ்நேகா'வைத் தொடங்கினார். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் சொல்வதைத் தன்னார்வலர்கள் கேட்பார்கள், வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் வந்த அழைப்புகளிலிருந்து அவர்கள் ஒன்று கற்றுக்கொண்டார்கள்: ஒரு பாடத்தில் தோற்றவனை வதைப்பது ஒரு வருஷம் போய்விட்டதே என்கிற எண்ணம். தோற்றவர்கள் சீக்கிரமே மறுபடி எழுதி அதே வருஷம் கல்லூரி சேரும்படி உடனடித் தேர்வு வந்ததில் அவர்களுடைய வற்புறுத்தலுக்கும் பங்கு உண்டு. கேட்டதோடு நிற்காமல் விதியையே மாற்றப் போனார்கள். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றின் சிறந்த பக்கம் இதுதான்.

மற்றவை வேகமாக நடந்தன. 104 வந்தது. 2022இல் 14416, 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. திண்டுக்கல்லைச் சுற்றி அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருக்கிற கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அக்கா மகள் இப்போது இரண்டாம் வருஷம். உங்க காலேஜ்ல கவுன்சிலர் இருக்காங்களா என்று கேட்டேன்.

"இருக்காங்க மாமா. நல்லாத்தான் பேசுவாங்களாம்."

"போயிருக்கியா?"

"ரூம் ஹெச்.ஓ.டி. கேபினுக்கு நேர் எதிர்ல மாமா. கண்ணாடிக் கதவு."