ஏலமலை மருத்துவமனைகளில் மொழித் தடை

ஏலமலை மருத்துவமனைகளில் மொழித் தடை என்பது, கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களில் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும், அங்குள்ள மலையாள மருத்துவப் பணியாளர்களுக்கும் இடையே நோயைச் சொல்வதிலும் புரிந்துகொள்வதிலும் ஏற்படும் இடர்ப்பாட்டைக் குறிக்கும்.

பின்னணி

1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. மறுபுறம், தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகளில் சென்று வேலை முடிந்து திரும்புகின்றனர். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை அமைக்க வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கையாகும். மலை மேல் நேரும் விபத்துக்கு முதல் சிகிச்சை கேரளத்திலும், தொடர் சிகிச்சை தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (2004) போன்ற இடங்களிலும் அமைவதுண்டு. அப்போது நோயாளியுடன் மருத்துவக் குறிப்பும் எல்லை கடக்க வேண்டியுள்ளது.

ஒலி ஒன்று, பொருள் வேறு

இரு மொழிகளும் நெருங்கியவை என்பதே இங்குச் சிக்கல். முற்றிலும் அறியாத மொழியானால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவர். பாதி புரியும் மொழியில் முழுதும் புரிந்ததாக எண்ணிவிடுவர். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். 'முறிவு' என்பது வெட்டுக்காயம். தமிழர் அதை எலும்பு முறிவு என்றே கொள்வர். 'நீர்' வீக்கத்தையும் குறிக்கும். 'வெள்ளம்' குடிநீராகும்.

பூச்சிமருந்து நச்சில் இத்தடை உயிருக்கே ஆபத்தாகலாம். ஏலத்திற்குக் குயினால்பாஸ் போன்ற கரிமப் பாஸ்பரசு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. தலைச்சுற்றல், வாந்தி, வியர்வை ஆகியவை சாதாரண நோய்களிலும் வரும். என்ன தெளித்தார், எப்போது தெளித்தார் என்ற விடையே மருத்துவரை அட்ரோபின் மருந்தை நோக்கி விரைவில் இட்டுச்செல்லும்.

சட்டமும் நடைமுறையும்

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள வகைசெய்கிறது. கேரள அரசுப் பணித் தேர்வாணையம் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்களைத் தனியே தேர்ந்தெடுப்பதும் உண்டு. ஆனால் நோயாளி எழுதுவதில்லை, பேசுகிறார். பிரித்தானியா செல்லும் செவிலியர் ஆங்கிலத் திறனை மெய்ப்பிக்க வேண்டும்; செருமனி செல்வோர் செருமன் கற்கின்றனர். அங்கே புலம்பெயர்பவர் செவிலியர், இங்கே நோயாளி.

அண்மைக்காலத்தில் சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தவரும் தோட்டங்களுக்கு வந்துள்ளனர். இவர்களுக்குக் கேரள அரசு 2017 இல் 'ஆவாசு' மருத்துவக் காப்பீட்டையும் 'சங்காதி' மலையாளக் கல்வித் திட்டத்தையும் தொடங்கியது. மருத்துவமனையில் இவர்களுக்காகப் பேசுபவர் தோட்ட மேற்பார்வையாளராக இருப்பின், பணியிடத்தில் நேர்ந்த காயத்தைப் பற்றித் தொழிலாளி சொல்வது அப்படியே மருத்துவரைச் சென்றடையும் என்று கொள்வதற்கில்லை.