எண்ணிக்கை நழுவும் இடம்: யோகப் பயிற்சியில் தன்னறிவும் சமநிலையும்

யோகம் பயில்பவர் தம் உடலைப் பிறரைவிட நன்கு அறிவார் என்பதைப் பலரும் கேள்வியின்றி ஏற்கின்றனர். 2008இல் ‘சைக்கோஃபிசியாலஜி’ இதழில் கால்சாவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்கு ஓர் இடறுகல். திபெத்திய பௌத்த தியானத்திலும் குண்டலினி முறையிலும் நெடுங்காலம் பழகியவர்களிடம் தம் இதயத்துடிப்பை உணர்ந்து சொல்லக் கேட்டார்கள். பயிலாதவர்களைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்லிவிடவில்லை. நன்றாகச் சொன்னதாக அவர்களே கருதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே யோகம் தரும் தன்னறிவு வெறும் மயக்கம் என்று தீர்ப்பெழுதலாமா? கூடாது என்பதே என் வாதம். அந்தச் சோதனை தேடியது உடலுக்குள் நடப்பதைத் துல்லியமாகக் கணிக்கும் திறனை. யோகம் பழக்குவது வேறொன்றை: கவனம் விலகியதைக் கண்டு திரும்பும் திறனை.

இதற்கு மூச்சைவிடப் பொருத்தமான களம் இல்லை. இதயம் நம் சொல்லை நேரடியாகக் கேட்பதில்லை. மூச்சோ தூக்கத்தில் தானாகவே ஓடுகிறது, விழிப்பில் நாம் சொன்னபடியும் நடக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்துக்கு வகுக்கும் அளவு, உள்ளிழுக்க 16 மாத்திரை (கால அளவு), நிறுத்த 64, வெளிவிட 32. (ஆசான் துணையின்றி இந்த 64ஐ யாரும் முயல வேண்டாம்.) இதை நுரையீரலுக்கான கணக்காக மட்டும் படிப்பவர் பாதியைத் தவறவிடுகிறார். எண்ணத் தொடங்கியவருக்கு முதலில் தெரியவருவது தம் மூச்சன்று, தம் எண்ணிக்கை நழுவும் இடம். ஒன்பதில் எங்கோ போன மனம் பதின்மூன்றில் திரும்புகிறது. அந்தத் திரும்பலைத்தான் தன்னறிவு என்கிறேன்.

சமநிலையும் இப்படித்தான். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் கண்ணை மூடினால் போதும், கணுக்கால் தள்ளாடத் தொடங்கும். பார்வை தந்த துணை போய்விட, உட்காதின் சமநிலை உறுப்பும் தசை, மூட்டு உணர்வுகளும் மட்டுமே மிஞ்சுகின்றன. அசையாமல் நிற்பதாக நாம் நினைப்பவர் உண்மையில் ஓயாமல் சரிந்து, ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறார்.

மரபும் ஆசனத்தில் தேடியது இந்த நிலைப்பைத்தான். பதஞ்சலி தம் யோக சூத்திர நூலின் 195 சூத்திரங்களில் ஆசனத்துக்கென ஒதுக்கியவை மூன்றே. உறுதியும் சுகமும் அங்கே இலக்கணம். வளைவு பற்றிப் பேச்சே இல்லை. பன்னாட்டு யோக நாளான ஜூன் 21 அன்று நாளேடுகளில் வரும் படங்களைப் பார்ப்பவர் இதை நம்புவது கடினம். 1952 முதல் சென்னையில் கற்பித்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்தார். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றினாரே தவிர, ஆசனத்துக்கேற்ப ஆளை வளைக்கவில்லை.

என் வாதத்துக்கும் ஒரு தடை உண்டு. 2001இல் பெர்னார்டி குழுவினர், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைவதையும், இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையடைவதையும் காட்டினார்கள். உடலின் இந்தச் சீர் யோகத்தின் தனிச்சொத்து அன்று. யோகத்துக்கென்று ஏதேனும் எஞ்சுமானால், அது மூச்சின் வேகத்தில் இல்லை; நழுவலைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சிமுறையில்தான் இருக்க முடியும். அதைச் சோதிக்க இதயத்துடிப்பு உதவாது. எண்ணிக்கை தவறியதைப் பயில்பவர் எத்தனை மூச்சுக்குள் உணர்கிறார் என்று அளக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் நாள்தோறும் ஜெபமாலை உருட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.